கொழும்பில் பொதுச் சுகாதாரக் களப்பயிற்சி: கடிதம் எழுதுவதிலிருந்து அறிக்கை கையளிப்பது வரை

பட்டப்படிப்பில் பொதுச் சுகாதாரமோ சுகாதார மேம்பாடோ படிக்கும் மாணவரின் களப்பயிற்சி வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். இடம் கிடைத்துவிடுகிறது, அங்கே என்ன செய்து முடிப்பது என்று மட்டும் யாரும் பேசிக்கொள்வதில்லை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. வந்த பிள்ளைக்கு வேலை பிரித்துக் கொடுக்க அங்கே எவருக்கும் நேரம் இராது. இரண்டாம் வாரத்திலேயே பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதும் வேலையும் மூலையில் ஒரு கதிரையும் மிஞ்சும். அதனால், இடம் தேடுமுன் நீங்கள் செய்து முடித்துக் கையளிக்கக்கூடிய ஒரேயொரு வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கடிதத்தில் "இன்டர்ன்" என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. இலங்கை வைத்தியசாலைகளில் அந்தச் சொல் எம்.பி.பி.எஸ். முடித்து உள்ளகப் பயிற்சியில் இருக்கும் வைத்தியரைக் குறிக்கும். உங்கள் கடிதம் தவறான மேசைக்குப் போய் அங்கேயே கிடக்கலாம். "இளமாணிப் பட்டப்படிப்பின் பகுதியான களப்பயிற்சி" என்று எழுதி, எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை நாள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்தக் கதவு எங்கே திறக்கும்

இலங்கையில் நோய்த்தடுப்பு வேலையின் அடித்தளம் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு பிரிவிலும் சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் (பி.எச்.ஐ.), வீடு வீடாகப் போகும் குடும்ப நல உத்தியோகத்தர்களும் (நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவர்கள்) வேலை செய்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக், குழந்தைகள் தடுப்பூசி, பாடசாலை மருத்துவப் பரிசோதனை, உணவுக்கடைச் சோதனை, டெங்கு என எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும். முதல் தடவை களத்துக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பதே எங்கள் கருத்து. பெரிய நிறுவனத்தின் பெயர் சுயவிபரத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சுகாதார சேவை எப்படி ஓடுகிறது என்பது எம்.ஓ.எச். கந்தோரில்தான் தெரியும்.

கொழும்பில் பலர் தடுமாறுவது ஆட்சி எல்லையில். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, மருதானை, பொரளை, வெள்ளவத்தை ஆகியன மாநகர சபை எல்லைக்குள் வருபவை. மாநகர சபைக்குத் தனியான பொதுச் சுகாதாரத் திணைக்களம் உண்டு. அங்கே அனுமதி தருபவர் பிரதான சுகாதார வைத்திய அதிகாரி. தெஹிவளை, கொலன்னாவை, மஹரகம போன்ற பக்கங்களுக்குக் கொழும்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் கேட்க வேண்டும். வெள்ளவத்தையில் வேலை செய்ய நினைத்துக்கொண்டு பிராந்தியப் பணிப்பாளருக்கு எழுதினால் மூன்று வாரம் போனபின் "எங்கள் எல்லை அல்ல" என்று பதில் வரும்.

தேசிய நிறுவனங்கள் பல ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. தொற்றுநோயியல் பிரிவும் குடும்ப சுகாதாரப் பணியகமும் கொழும்பு 10 டி சேரம் பிளேசில். சுகாதார மேம்பாட்டுப் பணியகம் கின்சி வீதியில். 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் பொரளையில். தேசிய டெங்கு கட்டுப்பாட்டுப் பிரிவு, மலேரியா ஒழிப்பு இயக்கம், காசநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் ஆகியவற்றுக்கு நாரஹேன்பிட்ட எல்விட்டிகல மாவத்தைக்குப் போக வேண்டும். இங்கெல்லாம் களத்தைவிடத் தரவும் அறிக்கையும்தான் அதிகம். எக்செல் நன்றாகத் தெரிந்த மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவருக்கு இவை பொருந்தும். அங்கத்தைய பணிப்பாளருக்கே கடிதம் எழுதுங்கள். தேசியத் தரவு கேட்பதாக இருந்தால் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியும் கேட்கப்படலாம்.

அரசு சாராத பக்கத்தில் செஞ்சிலுவைச் சங்கம், குடும்பத் திட்டச் சங்கம், மது மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம், மொரட்டுவையிலுள்ள சர்வோதயம் ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குறைந்தது 20 வயது ஆகியிருப்பதோடு மூன்று ஆண்டு முழுநேரப் பல்கலைக்கழகப் படிப்பையும் முடித்திருக்க வேண்டும். பயிற்சி 6 முதல் 24 வாரம். முதலாம், இரண்டாம் ஆண்டில் அங்கே விண்ணப்பித்துக் காலத்தைப் போக்க வேண்டாம்.

ஒரு பக்கத் திட்டம்

இதில் ஐந்து விடயங்கள் போதும்: என்ன கேள்வி, எந்த இடம், எத்தனை பேர் அல்லது எத்தனை வீடு, எத்தனை நாள், கடைசியில் கந்தோருக்கு என்ன கிடைக்கும். கந்தோருக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் அதிகாரி முதலில் பார்ப்பார். "பொதுச் சுகாதாரம் பற்றிய அனுபவம் பெறுதல்" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "குறித்த ஒரு பி.எச்.ஐ. பகுதியில் 120 வீடுகளில் நுளம்புக் குடம்பி ஆய்வு, எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு என்று ஒரு பக்க அட்டவணையும் வரைபடமும்" என்று எழுதினால் அவர் பேனையை எடுப்பார்.

அந்த உதாரணத்தையே கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு 12 நிமிடம் என்றால் காலை 8.30 முதல் 12.30 வரை 20 வீடு பார்க்கலாம். 120 வீட்டுக்கு ஆறு காலை. பூட்டிய வீடுகளுக்கு மீண்டும் போக இரண்டு காலை சேருங்கள். தேவையானவை: டோர்ச், வெள்ளைத் தட்டு, அகப்பை, துளிசெலுத்தி, மூடியுள்ள சிறு போத்தல்கள், பென்சிலால் எழுதும் லேபல். பேனை மை ஈரத்தில் அழிந்துவிடும். வீட்டுக்குள்ளே குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு, குளியலறை வாளி. வெளியே பீலி, தண்ணீர்த் தாங்கி, டயர், யோகட் கோப்பை, மூடியில்லாத கொங்கிரீட் குழி. நீர் இருந்த பாத்திரம் ஒவ்வொன்றையும், குடம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதியுங்கள்.

கணக்கு மூன்று. 120 வீட்டில் 9 வீட்டில் குடம்பி கிடைத்தால் வீட்டுச் சுட்டி 7.5. நீர் இருந்த 210 பாத்திரங்களில் 14இல் கிடைத்தால் பாத்திரச் சுட்டி 6.7. அந்த 14 பாத்திரத்தை 100 வீட்டுக்குக் கணக்கிட்டால் பிரெட்டோ சுட்டி 11.7. பிழை வருவது பெரும்பாலும் கீழே போடும் எண்ணில். காய்ந்த பாத்திரங்களையும் 210இல் சேர்த்துவிட்டால் பாத்திரச் சுட்டி பொய்யாகக் குறையும். பூட்டியிருந்த வீட்டைப் பார்த்த வீடாகக் கணக்கெடுத்தால் வீட்டுச் சுட்டி குறையும். வெள்ளவத்தை அடுக்குமாடியில் சிக்கல் இன்னும் பெரிது. ஒவ்வொரு பிளட்டும் ஒரு வீடா, முழுக் கட்டடமும் ஒன்றா? மொட்டைமாடித் தாங்கியும் நிலக்கீழ்க் குழியும் யார் கணக்கில் சேரும்? முதல் நாளே பி.எச்.ஐ.யுடன் பேசி ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். நடுவில் மாற்றினால் இரண்டு பாதியையும் ஒப்பிட முடியாது.

காலமும் முக்கியம். கொழும்பில் டெங்கு தென்மேற்குப் பருவமழையோடு மே, ஜூன், ஜூலையில் ஏறும். நவம்பர் முதல் ஜனவரி வரை மறுபடியும் ஏறும். நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்ட 2017இல் உச்சம் வந்ததும் தென்மேற்கு மழைக்காலத்தில்தான். பெப்ரவரி, மார்ச்சில் ஆய்வு செய்தால் வெளியில் கிடக்கும் குப்பையில் நீர் இராது. சேமித்து வைத்த தண்ணீரில்தான் குடம்பி கிடைக்கும். அது பிழையான விடை அல்ல. ஆனால் மழைக்காலத்துக்கும் இதுதான் நிலை என்று எழுதிவிடாதீர்கள். வீட்டாரிடம் பேசும்போது தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொல்லுங்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

பாடசாலை சுகாதாரம் எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் தவணை விடுமுறையைப் பாருங்கள். தரம் 1, 4, 7, 10 மாணவருக்கான மருத்துவப் பரிசோதனை பாடசாலை நடக்கும் நாளில்தான் நடக்கும். உங்கள் பல்கலைக்கழக விடுமுறையும் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பரில் வந்தால் பயிற்சியின் பெரும்பகுதி வெறும் கந்தோர்தான்.

கடிதம், ஆவணம், ஊசி

பயிற்சி தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள். முதல் மாதத்தில் ஒரு பக்கத் திட்டமும் துறைத் தலைவர் அல்லது பீடாதிபதியின் கோரிக்கைக் கடிதமும் தயாராகட்டும். நீங்களே கையெழுத்திட்ட கடிதம் மட்டும் போனால் பதில் வராது. கோப்பில் மாணவர் அடையாள அட்டைப் பிரதி, தேசிய அடையாள அட்டைப் பிரதி, ஒரு பக்கச் சுயவிபரம், மேற்பார்வை விரிவுரையாளரின் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். சிறுவர்களோடு வேலை என்றால் பொலிஸ் நற்சான்று கேட்கப்படலாம். அதற்குத் தனியாக வாரங்கள் எடுக்கும்.

கடிதத்தின் நடுப்பந்தி இப்படி இருக்கலாம்: "எமது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவருக்கு ஜூன் முதல் வாரத்திலிருந்து எட்டு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், தங்கள் பிரிவில் களப்பயிற்சி வழங்குமாறு வேண்டுகிறோம். இணைத்துள்ள திட்டப்படி அவர் ஓர் ஆய்வைச் செய்து எழுத்து அறிக்கையை ஒப்படைப்பார். அவர் தமிழும் சிங்களமும் பேசுவார். காப்புறுதி பல்கலைக்கழகப் பொறுப்பு." கடைசி வசனத்தை எழுதுமுன் உங்கள் பல்கலைக்கழகக் காப்புறுதி வளாகத்துக்கு வெளியேயும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பத்து நாளில் ஒரு தடவை மரியாதையாகக் கேளுங்கள். எழுத்து அனுமதி கையில் வராமல் களத்தில் இறங்க வேண்டாம். "டொக்டர் சரி என்றார்" என்ற வாய்ச்சொல் அவர் லீவில் இருக்கும் நாளில் உதவாது.

கிளினிக், ஆய்வுகூடம் பக்கம் போவதானால் ஹெபடைட்டிஸ் பி ஊசி பாருங்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று தடவை போடுவது அது. நான்கு மாதம் முன்பு தொடங்கினாலும் பயிற்சிக்குள் இரண்டு ஊசிதான் முடிந்திருக்கும். எனவே பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே போட்டு முடிப்பதே உத்தமம். மார்பு நோய்க் கிளினிக் என்றால் அளவுக்குப் பொருந்தும் என்-95 முகக்கவசம் வேண்டும். துணி முகக்கவசம் அங்கே போதாது.

அரச நிறுவனங்களில் பொதுவாகக் கொடுப்பனவு இல்லை. பஸ் காசு, சாப்பாடு, பிரதி எடுக்கும் செலவை எட்டு வாரத்துக்குக் கணக்குப் போட்டு, முடியாவிட்டால் வீட்டுக்குக் கிட்டிய பிரிவைக் கேளுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

தமிழ் தெரிவது ஒரு தகுதி

கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், வெள்ளவத்தைப் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. கந்தோர்ப் பதிவேடும் கூட்டமும் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஊழியருக்கும் தாய்மாருக்கும் நடுவில் பேச்சு அரைகுறையாக நின்றுவிடும் இடங்களில் நீங்கள் உண்மையிலேயே தேவைப்படுவீர்கள். இதைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். அதேசமயம் சிங்களப் பதிவேட்டில் நோயின் பெயர், திகதி, முகவரி வாசிக்கும் அளவுக்காவது எழுத்துத் தெரியாமல் போக வேண்டாம். ஒரு மாதம் நாளுக்கு அரை மணித்தியாலம் படித்தால் போதும்.

ஆனால் தமிழ் என்பது ஒரே தமிழ் அல்ல. இணையத்தில் கிடைத்த இந்தியக் கேள்விக்கொத்தை அப்படியே எடுத்தால் "கொசு", "ரேஷன் கார்டு" என்று இருக்கும். இங்கே நுளம்பு, இங்கே ரேஷன் கார்டு இல்லை. "நீரிழிவு உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பவர் "சீனி வருத்தம் இருக்கா?" என்றால் மாத்திரைப் பையை எடுத்துக் காட்டுவார். சத்தி என்பதும் வாந்தி என்பதும் வீட்டுக்கு வீடு மாறும். "கடந்த 30 நாளில்" என்ற கணக்கு பலருக்கு மனதில் நிற்காது. "போன போயாவிலிருந்து" என்றால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது எப்போதும் 30 நாள் ஆகாது. கேள்விக்கொத்தை ஒருவர் தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோகட்டும். இரண்டும் பொருந்தாத இடத்தைத் திருத்தி, பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்த பின்பே அச்சடியுங்கள்.

வீட்டில் பெரியவரை அம்மா, ஐயா என்றோ அக்கா, அண்ணா என்றோ கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் வீடுகளுக்குப் போக வேண்டாம். வேலைக்குப் போகும் குடும்பங்கள் உள்ள அடுக்குமாடிகளுக்கு, பி.எச்.ஐ. சம்மதித்தால், சனிக்கிழமை காலை நல்லது. கர்ப்பம், குடும்பத் திட்டம் பற்றிய கேள்வியை மாமியாரும் பக்கத்து வீட்டாரும் நிற்கும் முற்றத்தில் கேட்காதீர்கள்; தனியாகப் பேச முடியாவிட்டால் அந்தக் கேள்வியை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்விக்கொத்துக்கு எத்தனை பேர்? 95 சதவீத நம்பிக்கை, இரு பக்கமும் 10 சதவீதப் பிழை என்றால் 96 பேர். பிழையை 5 சதவீதமாக்கினால் 384 தேவை. ஒருவர் எட்டு வாரத்தில் அதைச் செய்ய முடியாது. நாளுக்கு எட்டுப் பேர் வீதம் 96 பேருக்கு 12 நாள். ஒரே தோட்டத்தில் (நெருக்கமான நகரக் குடியிருப்பில்) அடுத்தடுத்த வீடுகளை எடுத்தால் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். அப்போது எண்ணிக்கையை ஒன்றரை மடங்காவது கூட்டுங்கள்.

பதிவேடும் தரவும்

தொற்றுநோய் அறிவிப்பு எப்படிப் பயணிக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே கையால் தொட்டுப் பாருங்கள். வைத்தியசாலை எச்-544 படிவத்தில் அறிவிக்கும், எம்.ஓ.எச். அதைப் பதிவேட்டில் ஏற்றி அந்தப் பகுதி பி.எச்.ஐ.க்குக் கொடுப்பார், அவர் வீட்டுக்குப் போய் விசாரித்து எச்-411இல் எழுதித் தருவார், வாரத் தொகுப்பு எச்-399ஆகத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். தாய்-சேய்ப் பக்கத்தில் தகைமையுள்ள குடும்பப் பதிவேடு எச்-526, கர்ப்பிணிப் பதிவு எச்-512, காலாண்டு அறிக்கை எச்-509. ஒரே நோயாளியின் தாளை முதலிலிருந்து கடைசி வரை பின்தொடர்ந்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை நாள் போனது என்று குறித்தால் அதுவே நல்லதொரு பயிற்சித் திட்டம்.

தாள் தடைப்படுவது அதிகம் முகவரியில்தான். "கொழும்பு 13" என்று மட்டும் எழுதியிருந்தால் பி.எச்.ஐ. யாரைத் தேடுவார்? யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து உறவினர் வீட்டில் தங்கியவர் அந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தால் காய்ச்சல் எங்கே பிடித்தது என்று விசாரித்தால்தான் தெரியும். தரவை வரைபடத்தில் இடுமுன் இப்படிப்பட்டவற்றைத் தனிப் பத்தியில் குறித்து வையுங்கள்.

எக்செலில் ஒரு பொறி இருக்கிறது. தொற்றுநோயியல் பிரிவின் வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும். எக்செலின் வாரக் கணக்கு, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், ஞாயிறில் தொடங்கும். வாரம் கணக்கிடும் சூத்திரத்தில் (WEEKNUM) இரண்டாவது இடத்தில் 16 என்று கொடுத்தால் சனியில் தொடங்கும். அப்படியும் வருடத் தொடக்கத்தில் ஓர் எண் முன்பின்னாகலாம். வாராந்த அறிக்கையில் அச்சான திகதியோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். நோய் வீதம் கணக்கிடும்போது "கொழும்பு" என்ற வரிசை மாநகர எல்லையைச் சேர்க்கிறதா, விடுகிறதா என்று கேட்டறிந்த பின்பே சனத்தொகையால் வகுக்க வேண்டும்.

பெயர் உள்ள பதிவேட்டைத் தொலைபேசியில் படம் பிடிக்காதீர்கள்; வட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகக் கருதுகிறது. பெயருக்குப் பதில் இலக்கம் இடுங்கள். இலக்கமும் பெயரும் சேர்ந்த தாள் கந்தோர் அலுமாரியிலேயே இருக்கட்டும்.

ஆய்வாக வெளியிடும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் ஒழுக்கவியல் குழுவின் அனுமதியை முதல் வீட்டுக்குப் போகுமுன் பெற வேண்டும். தரவு சேர்த்த பிறகு அதைப் பெற வழியில்லை. அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

களத்தில் எல்லை

நீங்கள் மாணவர், அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் அல்ல. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடைக்குள் நுழைந்து சோதிப்பதும் மாதிரி எடுப்பதும் பி.எச்.ஐ.யின் வேலை, நீங்கள் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கலாம். தடுப்பூசி போடச் சொன்னால் பணிவாக மறுங்கள். தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டி 2 முதல் 8 பாகை செல்சியசில் நிற்கிறதா என்று காலையும் மாலையும் வாசித்துப் பதிவது உங்களால் செய்யக்கூடியது, செய்ய வேண்டியதும் கூட. வீடொன்றில் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு உள்ள காய்ச்சல்காரரைக் கண்டால் கேள்விக்கொத்தை மூடிவிட்டு உடனே வைத்தியசாலைக்கு அனுப்பும் வழியைப் பாருங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம்.

நாட்குறிப்பை அன்றைக்கே எழுதுங்கள்: திகதி, மணி, இடம், யாரோடு, எத்தனை வீடு, என்ன தடங்கல். வெள்ளிக்கிழமை சேர்த்து எழுதினால் எண்கள் எல்லாம் ஒரே மாதிரி வரும். மேற்பார்வையாளர் பார்த்தவுடனே கண்டுபிடிப்பார்.

கையளிப்பு

முதல் வாரத்திலேயே மாதாந்தக் கூட்டத்தின் திகதியைக் கேட்டு, கடைசி மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். மிட்வைஃப் மிஸ்மாரும் பி.எச்.ஐ.மாரும் ஒன்றாக இருக்கும் நாள் அதுதான். ஆறு ஸ்லைட் போதும்: எங்கே பார்த்தோம், என்ன கண்டோம், எந்த வீதி, எந்தப் பாத்திரம், எவ்வளவு பேர் மறுத்தார்கள், அடுத்த மாதம் என்ன செய்யலாம். களத்தில் கூட வந்தவர்களின் பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள். ஆனால் எந்த உத்தியோகத்தரின் பகுதி மோசம் என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டாம். அதை அதிகாரியிடம் தனியாகக் கொடுக்கலாம்.

அறிக்கை பத்துப் பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. முதற்பக்கச் சுருக்கத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் வையுங்கள். பெயர் நீக்கிய எக்செல் கோப்பையும், ஒவ்வொரு பத்தியும் எதைக் குறிக்கிறது என்ற விளக்கத் தாளையும் கந்தோரில் விட்டுச் செல்லுங்கள். அடுத்த வருடம் வரும் மாணவர் அங்கிருந்து தொடர்வார்.

சான்றுக் கடிதத்துக்கான வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்: தொடங்கிய நாள், முடிந்த நாள், மொத்த மணித்தியாலம், செய்த வேலையின் பெயர். "நன்றாக ஈடுபட்டார்" என்ற ஒரே வரியைவிட "120 வீடுகளில் குடம்பி ஆய்வு செய்து அறிக்கை கையளித்தார்" என்பது பின்னாளில் வேலை கேட்கும்போது பேசும். சுகாதார அமைச்சின் வருடாந்த இடமாற்றத்தில் வைத்திய அதிகாரிகள் மாறிப் போவார்கள். பயிற்சி முடியும் வாரத்திலேயே கடிதத்தாளில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.